கொல், ஆஞ்சியோ, பேங்க், அட்டாக்

டாக்டர் சொன்னது ஒரே சொல். அம்மாவின் காதில் அது நான்காக விழுந்தது. கொல், ஆஞ்சியோ, பேங்க், அட்டாக். அறையை விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நெஞ்சுல இன்னா கீதுன்னு மறைக்காம சொல்லுடி” என்றாள். நெஞ்சில் ஒன்றும் இல்லைம்மா, பித்தக் குழாயில்தான் கல் மாட்டியிருக்கும் போல என்றேன். “அப்ப ஏன் ஆஞ்சியோன்னாரு? அட்டாக்குன்னு வேற சொன்னாரு, என் காதால கேட்டேனே. நடுவுல பேங்க்குன்னாரு, துட்டு நெறைய ஆவும் போல கீது.” எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அதனால் சிரிக்கவில்லை.

அந்தச் சொல் இதுதான்: கொலாஞ்சியோபேங்க்ரியட்டாக்ரபி. பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் படமெடுத்துப் பார்க்கிற சோதனை. ஆங்கிலத்தில் எழுதினால் 24 எழுத்து. வழக்கமாக யாரும் இதை முழுசாகச் சொல்வதில்லை, ஈஆர்சிபி, எம்ஆர்சிபி என்று நாலு எழுத்தில் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு அவர் பக்கத்தில் பயிற்சி டாக்டர் ஒருவர் நின்றிருந்தார், அவருக்குப் பாடம் எடுக்கிற மாதிரி முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நிறுத்திச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. வேகமாகச் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, பயமும் வந்திருக்காது.

நாங்கள் தண்டையார்பேட்டை. எங்கள் தெருவில் ஆஞ்சியோ என்ற சொல் தெரியாத வீடு இல்லை. அப்பாவுக்கு எடுத்தார்கள், எதிர் வீட்டு மாமாவுக்கு எடுத்தார்கள், மீன் வண்டி ஓட்டுகிற அண்ணனுக்கு நாற்பது வயசிலேயே எடுத்தார்கள். அப்பாவை அதற்கு அழைத்துப் போன அன்று வீட்டில் யாரும் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை ஆஞ்சியோ என்றால் நெஞ்சு, நெஞ்சு என்றால் அப்பா. அந்த நாலு எழுத்து எந்த நீளமான சொல்லுக்குள் ஒளிந்திருந்தாலும் அவள் காது தேடிப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிடும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்ணடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை எனக்கு. பதினெட்டு வருஷமாக நான் செய்வதே, சொல்லை எங்கே உடைக்கலாம், எங்கே உடைக்கக் கூடாது என்று பார்ப்பதுதான். வரி முடிகிற இடத்தில் இடம் போதாமல் சொல் இரண்டாகும்போது, புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் நிற்கக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு உயிர்ப் பிரச்சனை. கம்ப்யூட்டர் வந்த பிறகு அது பாட்டுக்கு ‘கண்’ என்பதில் ‘ண்’ணைத் தூக்கி அடுத்த வரியில் போட்டுவிட்டுப் போய்விடும், நான் சிவப்புப் பேனாவோடு துரத்திக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளின் அம்மா ஒரு சொல்லை நான்காக உடைத்துப் பயந்துபோயிருக்கிறாள். சரி, நாமும் உடைத்துத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

உடைத்துப் பார்த்தால், அம்மா பாதி சரி!

கொல் என்பது கிரேக்கத்தில் பித்தநீர். ‘கொலே’ என்பது முழுச் சொல், உயிரெழுத்துக்கு முன்னால் வரும்போது கடைசி ஏகாரம் உதிர்ந்துவிடும். இதே கொலேதான் கொலஸ்ட்ராலிலும் இருக்கிறது. கொலே பித்தம், ஸ்டீரியோஸ் கெட்டியானது, அதாவது ‘கெட்டிப்பட்ட பித்தம்’. அந்தப் பொருளை முதன்முதலில் கண்டுபிடித்ததே பித்தப்பைக் கல்லிலிருந்துதான், பெயர் அப்படியே நின்றுவிட்டது. கறி வாங்கும்போதெல்லாம் நாம் பேசுகிற கொலஸ்ட்ராலுக்கும் அம்மாவின் வயிற்றில் இருக்கிற கல்லுக்கும் பெயரிலேயே உறவு. மெலாங்கலி என்றால் கறுப்புப் பித்தம். மனச் சோர்வுக்கு கிரேக்கர்கள் கறுப்புப் பித்தத்தைக் காரணம் காட்டினார்கள், நாம் ‘பித்துப் பிடிச்சவன்’ என்கிறோம். அவர்களும் நாமும் பித்தத்தை வயிற்றோடு விடவில்லை, தலைக்கு ஏற்றிவிட்டோம்.

அடுத்தது ஆஞ்சியோ. இதுவும் இதயமே கிடையாது. ‘ஆங்கியோன்’ என்றால் பாத்திரம், குழாய், எதையாவது தனக்குள் கொள்கிற கலம். ரத்தக் குழாயைப் படமெடுத்தால் ஆஞ்சியோகிராம், பித்தக் குழாயைப் படமெடுத்தால் கொலாஞ்சியோகிராம். அப்பாவுக்குப் பார்த்ததும் குழாய், அம்மாவுக்குப் பார்க்கப்போவதும் குழாய். ஆக அம்மா பிடித்து இழுத்த துண்டு உண்மையிலேயே அங்கே இருந்த துண்டு. உள்ளே ஓடுவது எது என்பது மட்டும்தான் வேறு.

ஆங்கில அகராதியைத் திறந்தால் அங்கே வேறு கத்தி. கொ-லாஞ்-ஜி-ஓ-பேங்-க்ரி-அ-டாக்-ர-பி என்று பத்தாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். வாய் எப்படி அசைகிறதோ அப்படி உடைத்தது இது. சொல்லிப் பழக இது வசதி. ஆனால் பொருள் தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘கொ’வுக்குப் பொருள் இல்லை, ‘லாஞ்’சுக்கும் இல்லை. பித்தம் பாதியில் அறுந்து ல் மட்டும் குழாயோடு போய் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் உடைப்பில் கொல் தனியாக இருக்கிறது, ஆஞ்சியோ தனியாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு தீப்பெட்டி ஒட்டப் போன பெண்மணி, கிரேக்கச் சொல்லை கிரேக்கன் ஒட்டவைத்த இடத்திலேயே பிரித்துவிட்டாள்.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா இதைத் திருப்பிச் சொல்லும்போது ‘கொலாஞ்சியோ’ என்று சொல்லவில்லை. “கொல்லாஞ்சியோ” என்று லகரத்தை அழுத்தி இரட்டித்துத்தான் சொன்னாள். முதலில் நானே திருத்தினேன், புத்தி கெட்டவள். அப்புறம்தான் உறைத்தது, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து நெட்டுருப் போட்ட நன்னூல் விதி. கல் என்பதோடு எடுத்தான் சேர்ந்தால் கலெடுத்தான் ஆகாது, கல்லெடுத்தான்தான். அப்படிப் பார்த்தால் கொல் என்பதோடு ஆஞ்சியோ சேர்ந்தால் கொல்லாஞ்சியோதான் ஆக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதி வைத்த விதி அம்மாவின் நாக்கில் தானாக ஓடுகிறது, அவளுக்கு நன்னூல் என்ற பெயரே தெரியாது. அந்த ‘யோ’வும் அப்படித்தான். ஆஞ்சி என்று இகரத்தில் முடிந்து அடுத்து ஓ வந்தால் நடுவில் யகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், உடம்படுமெய். ஆங்கிலத்தில் எழுத்தில் இல்லாத அந்த ய் தமிழில் எழுதும்போது கூப்பிடாமலே வந்துவிடுகிறது.

பின்பாதிதான் அம்மாவைக் கவிழ்த்துவிட்டது. பேங்க் வங்கி அல்ல. ‘பான்’ என்றால் எல்லாம், ‘க்ரியாஸ்’ என்றால் சதை. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் முழுக்கச் சதையாக இருப்பதால் கணையத்துக்கு அந்தப் பெயர். ஒழுங்காகப் பிரித்தால் பான் ஒரு பக்கம், க்ரியாஸ் ஒரு பக்கம். ஆனால் ன் பக்கத்தில் க் வந்ததும் வாய் அதை ங் ஆக்கிவிடுகிறது, அந்த ங், க்ரியாஸின் தலையில் இருக்கும் க்-ஐயும் இழுத்துக்கொண்டு பேங்க் ஆகிவிட்டது. நமக்கு இது புதுசில்லை. ‘மரம்’ கூட ‘கள்’ சேர்ந்தால் மரங்கள்தானே.

அட்டாக் கதை இதைவிட அழகு. உண்மையில் அங்கே இருப்பது பேங்க்ரியாட், பிறகு இரண்டையும் ஒட்டவைக்கிற ஓ, பிறகு கிராபி. கிராபி என்றால் எழுதுவது, வரைவது. அந்த ஓவுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, நம் சாரியை மாதிரி இரண்டு பேருக்கு நடுவில் நின்று கைகோத்து விடுகிற வேலை. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு விசித்திரம், இப்படி கிராபியில் முடிகிற சொற்களில் குரலின் அழுத்தம் போய் அந்தப் பொருளில்லாத ஓவின் மேல்தான் விழும். கிராபியின் க்-கும் அதோடு ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் ‘டாக்’ பிறக்கிறது, முன்னால் இருக்கிற அகரம் சேர்ந்தால் அட்டாக். டாக்டர் சரியாக உச்சரித்ததால்தான் அம்மாவுக்கு அட்டாக் கேட்டது! நம்மைப் போலத் தட்டையாக ‘பேங்க்ரியாட்டோகிராபி’ என்று சொல்லியிருந்தால் அந்த அட்டாக்கே வந்திருக்காது.

நாம் ஏன் தட்டையாகச் சொல்கிறோம் என்று யோசித்தேன். தமிழில் சொல்லுக்குள் ஓர் இடத்தை மட்டும் ஓங்கிக் குத்துகிற பழக்கம் இல்லை, அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. பூகோள வகுப்பை நாம் ‘ஜியாக்ரபி’ என்று ஆங்கிலக்காரன் மாதிரியே சொல்கிறோம். அதே ஆள் ‘போட்டோகிராபி’ என்று சொல்வான், ‘பொட்டாக்ரபி’ என்று சொல்ல மாட்டான், சொன்னால் பக்கத்தில் இருப்பவன் முறைப்பான். ஏனென்றால் போட்டோ நமக்குத் தனியாகத் தெரியும். தெரிந்த சொல்லை உடைக்க மனசு வராது. ‘ஜியோ’ என்று சிம் கார்டு வருவதற்கு முன்னால் நமக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே கேட்டபடியே வாங்கிக்கொண்டோம். காது தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் எங்கே இருக்கிறது என்றுதான் தேடும், அதை ஒட்டித்தான் வெட்டும். தாமஸ் பாரி என்ற வியாபாரியின் கம்பெனி இருந்த முனையை, ‘பாரியுடைய’ என்று பொருள்தரும் அந்தக் கடைசி ஸ்-ஐயும் பெயரோடு சேர்த்து விழுங்கிப் பாரிஸ் ஆக்கினோம். வெளியூரிலிருந்து வந்த என் தோழி ஒருத்தி பஸ்ஸில் ‘பாரிஸ்’ என்று போர்டு பார்த்து ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள்.

தூக்கம் வராத கொடுமையில் யாப்பு வரைக்கும் போய்விட்டேன். ஆங்கிலத்தில் உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை, அதனால் பத்து. நம் கணக்கில் குறிலோடு குறிலோ நெடிலோ சேர்ந்தால் ஒரே நிரையசை. கொலாஞ்/சியோ, நிரை நிரை, கருவிளம். பேங்க்/ரியட்/டாக்/ரபி, நேர் நிரை நேர் நிரை, கூவிளந்தண்ணிழல். பத்து அசை ஆறாகி, இரண்டு சீரில் அடங்கிவிட்டது. ஈரசைச்சீர் ஒன்று, நாலசைச்சீர் ஒன்று. க்ர என்ற கூட்டை எந்தப் புலவரும் வாசல்படி ஏற விடமாட்டார், ‘பேங்கிரி’ என்று ஓர் இகரம் போட்டால் சீர் குலைந்துவிடும், தெரியும். இருந்தாலும் கூவிளந்தண்ணிழல் என்று முணுமுணுத்தபோது அந்தச் சொல்லின் மேல் இருந்த பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது. பயம் எனக்கும் இருந்தது, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண் மஞ்சளானதும் எதிர் வீட்டு அக்கா கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னாள், ஒரு வாரம் கொடுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் களிமண் நிறத்தில் போகிறது என்று அவள் வெட்கப்பட்டுக்கொண்டு எட்டாவது நாள்தான் சொன்னாள். பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை, வழியில் அடைப்பு என்பதற்கு அதுவே அடையாளம். குழாயில் மாட்டின கல்லைக் கீழாநெல்லி என்ன செய்யும், பாவம்.

அப்புறம் அந்த கவுன்ட்டர். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். முதலில் படம் மட்டும் எடுப்போம், குழாய் எதுவும் உள்ளே விடமாட்டோம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சீட்டில் அவர் கிறுக்கியது எம்ஆர்சிபியின் எம்மா, ஈஆர்சிபியின் ஈயா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கவுன்ட்டரில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு என்ன டெஸ்ட் என்று கேட்டாள். நான் கொலாஞ்சியோ என்று ஆரம்பித்து நடுவில் திக்கினேன். “சொல்ல வரலைன்னா விடுங்க மேடம்” என்று சிரித்துவிட்டு டைப் அடித்தாள், கையெழுத்துப் போட ஒரு படிவத்தை நீட்டினாள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பேனாவை எடுத்துவிட்டேன். தொழில் புத்தி, கையெழுத்துப் போடும் முன்னால் கண் தலைப்பை மேய்ந்தது. எண்டோஸ்கோபிக் ரெட்ரோகிரேட் என்று ஆரம்பித்தது. எண்டோ என்றால் உள்ளே, ஸ்கோப் என்றால் பார்ப்பது. ரெட்ரோ என்றால் பின்னோக்கி. உள்ளே விடுகிற குழாய் அல்லவா இது? டாக்டர் சொன்னது காந்தத்தால் படமெடுக்கிற மேக்னெடிக் ரெசொனன்ஸ், எம். வால் இரண்டுக்கும் ஒன்றேதான், தலைதான் வேறு. நாலு எழுத்தாகச் சுருக்கினால் ஒரு கோடு சாய்ந்து விழுந்தாலே ஆள் மாறிவிடும். கேட்டதும் அந்தப் பெண் முகம் சுருங்கி, உள்ளே போன் போட்டு, ஆமாம் எம்தான் என்று திருத்திக் கொடுத்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எப்படியும் உள்ளே யாராவது பார்த்து நிறுத்தியிருப்பார்கள் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். நான் அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

எம் சுலபமாக முடிந்தது. சாயம் கூட ஏற்றவில்லை, தேங்கியிருக்கிற பித்தநீரே படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தித் திருகைக் கழற்றுவதற்குத்தான் அரை மணி நேரமும் தேங்காய் எண்ணெயும் ஆனது. படத்தில் கல் இருந்தது. ஆகவே இரண்டு நாள் கழித்து ஈயும் வந்தது.

இந்த முறை அம்மாவுக்கு நானே சொன்னேன். ரெட்ரோகிரேட் என்பதற்குத் தமிழ் தேடிக் களைத்து, எண்ணூர் முகத்துவாரத்தைச் சொன்னேன். கொசஸ்தலையாறு கடலுக்குப் போகிறது, ஆனால் கடல் பொங்கும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் மேலேறி வரும் இல்லையா? பித்தம் கீழே இறங்கி வருகிற குழாயில் சாயத்தைக் கீழேயிருந்து மேலே ஏற்றுவார்கள், ஏறின இடம் எக்ஸ்ரேயில் தெரியும். வாய் வழியாக வயிற்றைத் தாண்டிச் சிறுகுடல் வரைக்கும் போய், பக்கவாட்டில் பார்க்கிற கேமராவால் குழாயின் வாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1968இல் அமெரிக்காவில் வில்லியம் மெக்கூன் என்பவர் குழுவோடு இதைச் செய்து காட்டியபோது படம் மட்டும்தான் எடுக்க முடிந்தது. 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே அந்த வாயைச் சின்னதாகக் கீறிக் கல்லை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் இன்னமும் ‘படம் வரைவது’ என்றே நிற்கிறது, நடப்பது கல் எடுக்கிற வேலை.

“கல்லு பித்தக் கொயாயில கீது. அப்புறம் ஏன் கணையத்தை இஸ்துகினு வராங்க?” என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு குழாயும் கடைசியில் ஒரே வாயில்தான் சிறுகுடலுக்குள் திறக்கும், ஒன்றைத் தொடப் போய் இன்னொன்று சீண்டப்படும். கணையம் வீங்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்ததும் அதனால்தான். அம்மா “ஒரே வாசல்ல ரெண்டு குடித்தனம்” என்றாள்.

கணையம் வீங்கவில்லை. கண்ணில் மஞ்சள் இறங்க மூன்று வாரம் ஆனது.

போன வாரம் மறுபடியும் போயிருந்தோம். பித்தப்பையிலேயே இன்னும் கல் இருக்கிறது, பையையே எடுத்துவிடலாம் என்று அவர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொன்னார், கொலிசிஸ்டெக்டமி. நான் வாயைத் திறக்கும் முன் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“கொல்லுன்னாரே. அப்ப பித்தந்தான?”

ஆமாம்மா.

“சிஸ்ட்டுன்னா? சிஸ்டரா?”

பை.

“டமி?”

வெட்டி எடுக்கிறது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டி, “ஆஞ்சியோ இல்ல, அட்டாக்கு இல்ல. இந்த தபா பேங்க்கும் இல்ல” என்றாள்.